காற்றுக்குக் காவல் நின்றோர்

வடக்கிலிருந்து வீசும் காற்றை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் பெயரிட்டு அழைத்தனர் பண்டைத் தமிழர். காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்று அறிந்த பின்னரே மாலுமி பாய் விரித்தான். களத்தில் நெல் தூற்றுவோன் முறத்தை உயர்த்தினான். அதே கேள்வியைத் தம் அன்றாடப் பணியின் முதற் கேள்வியாகக் கொண்ட அரசு அலுவலர் இக்காலத்திலும் உளர். ஓரிடத்தில் ஆலை ஒன்று எழவிருக்கிறது என்றால், அதன் புகைபோக்கியிலிருந்து கிளம்பும் புகை எத்திசையில் செல்லும், எவ்வளவு தொலைவில் தரையைத் தொடும், அங்கே குடியிருப்போர் யாவர், பள்ளிக்கூடம் உண்டா, மருத்துவமனை உண்டா என்றெல்லாம் கணக்கிட்டு அரசுக்கு உரைப்பது அவர்தம் கடமை.

காற்றின் தூய்மையைத் திட்டமிட்டுக் காக்கும் இவ்வலுவலரைப் பற்றி வரலாற்று நூல்கள் மிகுதியாகப் பேசுவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. பாலம் கட்டியவரின் பெயர் பாலத்தின் கல்லில் நிற்கும். வாராமல் தடுக்கப்பட்ட நோய்க்குக் கல்வெட்டு ஏது? தம் பணியில் வெற்றி பெற்ற காற்று அலுவலர் காட்டக்கூடியது, ஒன்றும் நேராத ஒரு நாளைத்தான். ஆயினும், ஏறத்தாழ நூற்று அறுபது ஆண்டுகளாக நீண்டுவரும் இத்தொழிலின் வரலாற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். காற்றைக் காக்க முனைந்தவர்க்கு மூன்று பொருள்கள் இன்றியமையாதனவாக இருந்தன: காற்றை அளக்கும் கருவி, அளந்ததை அஞ்சாமல் சொல்லும் உரிமை, சொன்னதை மக்கள் அறியும் வாய்ப்பு. இம்மூன்றில் ஒன்று குறைந்த இடத்திலெல்லாம் மக்கள் அதற்கு விலை கொடுத்தனர்.

உப்பு அமிலமும் முதல் அலுவலரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் வடமேற்கில் சோடா ஆலைகள் பெருகின. சோப்புக்கும் கண்ணாடிக்கும் துணி வெளுப்பதற்கும் சோடா வேண்டியிருந்தது. சாதாரண உப்புடன் கந்தக அமிலத்தைச் சேர்த்து அதனைச் செய்தனர். அவ்வாறு செய்யும்போது ஹைட்ரோகுளோரிக் அமில வாயு பெருமளவில் வெளிப்பட்டது. ஆலைக்காரர் அதனைப் புகைபோக்கி வழியே வானில் விட்டனர். அவ்வாயு ஈரக் காற்றோடு கலந்து அமிலமாகி இறங்கிய நிலங்களில் மரங்கள் இலையுதிர்த்துப் பட்டுப்போயின, பயிர் கருகியது, வேலிக் கம்பிகள் அரிக்கப்பட்டன.

இதற்கு மாற்று வழி முன்னமே அறியப்பட்டிருந்தது. கற்கரித் துண்டுகள் நிரப்பிய கோபுரத்தின் மேலிருந்து நீர் சொட்ட, கீழிருந்து வாயுவை ஏறவிட்டால், வாயு நீரில் கரைந்துவிடும். வில்லியம் காசேஜ் என்பார் 1836ஆம் ஆண்டிலேயே இம்முறையைக் கண்டிருந்தார். வழி இருந்தும் அதனைப் பின்பற்றுமாறு கட்டாயப்படுத்துவார் இல்லை. நிலக்கிழார்களின் முறையீட்டால் 1863ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் காரத் தொழிற்சாலைச் சட்டத்தை இயற்றியது. வெளிப்படும் அமில வாயுவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு பிடிக்கப்படல் வேண்டும் என்பது அதன் விதி. அவ்விதி காக்கப்படுகிறதா எனக் கண்காணிக்கத் தலைமை ஆய்வாளராக அமர்த்தப்பட்டவர் இராபர்ட் ஆங்கஸ் சுமித் என்னும் வேதியியல் அறிஞர்.

கிளாஸ்கோவில் பிறந்து மான்செஸ்டரில் பணியாற்றிய சுமித், காற்றையும் மழைநீரையும் நெடுங்காலம் ஆராய்ந்தவர். 1872ஆம் ஆண்டில் வெளிவந்த காற்றையும் மழையையும் பற்றிய அவரது நூல், தொழில் நகரங்களில் பெய்யும் மழையில் அமிலம் கலந்திருப்பதை விரிவாக எடுத்துரைத்தது. அமில மழை என இன்று உலகெங்கும் வழங்கும் சொல்லை வழக்கிற்குக் கொணர்ந்தவர் அவரே. ஆய்வாளர் பணியில் அவர் ஆலைக்காரரை வழக்கு மன்றத்திற்கு இழுப்பதினும், தொழில் நுட்பத்தை விளக்கி இணங்கச் செய்வதையே விரும்பினார். அவர் மென்மையானவர் என்று குறை கூறினோரும் உண்டு. எனினும் ஆலைகள் விரைவில் விதிக்கு இணங்கின.

ஆனால் விதியிலேயே ஒரு குறை ஒளிந்திருந்தது. ஒவ்வோர் ஆலையும் நூற்றுக்கு ஐந்து பங்கை மட்டுமே வெளியிடினும், ஆலைகளின் எண்ணிக்கை பெருகப் பெருக அந்த ஐந்துகள் சேர்ந்து பெருந்தொகையாயின. சட்டம் மீறப்படவில்லை, காற்றோ கெட்டது. எனவே 1874ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், புகைபோக்கியில் வெளியேறும் ஒரு கன அடிக் காற்றில் எவ்வளவு அமிலம் இருக்கலாம் என்று வரையறுத்தது. நடைமுறைக்கு ஏற்ற மிகச் சிறந்த வழியை ஆலைக்காரர் கைக்கொள்ள வேண்டும் என்றும் கூறியது. ஒவ்வொரு புகைபோக்கியையும் தனித்தனியே பார்த்தால் போதாது, ஊரின் காற்று முழுவதையும் ஒன்றாக நோக்க வேண்டும் என்னும் பாடம் இங்குத்தான் தொடங்கியது.

இலண்டனின் ஐந்து நாள்கள்

சுமித்தின் சட்டம் ஆலைகளைக் கட்டுப்படுத்தியது. வீட்டு அடுப்பைத் தொடவில்லை. இலண்டன் மாநகரில் இலட்சக்கணக்கான வீடுகள் குளிர்காயத் திறந்த அடுப்புகளில் நிலக்கரியை எரித்தன. தன் வீட்டு நெருப்பின் முன் அமர்வது ஆங்கிலேயரின் பிறப்புரிமை போலவே கருதப்பட்டது.

1952ஆம் ஆண்டு திசம்பர் 5ஆம் நாள், வெள்ளிக்கிழமை. இலண்டனின் மீது காற்று அசையாது நின்றது. தரையை ஒட்டிய காற்று வழக்கமாக வெப்பமுற்று மேலெழும். அதனோடு புகையும் மேலேறிக் கலைந்துவிடும். அன்றோ தரையருகே குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே வெப்பக் காற்றும் அமைந்து, பானையை மூடி அடைத்தாற்போல் நகரை அடைத்துவிட்டன. குளிர் மிக மிக மக்கள் மேலும் நிலக்கரியை இட்டனர். மூடுபனியும் புகையும் கந்தக ஈராக்சைடும் ஒன்றாய்த் திரண்டன. நடப்பவர்க்குத் தம் பாதம் தெரியவில்லை. பேருந்துகள் நின்றன. நாடக அரங்கினுள் புகை நுழைந்து ஆட்டம் தடைப்பட்டது. கண்காட்சிக்குக் கொணர்ந்த மாடுகள் மூச்சுத் திணறி மாண்டன. திசம்பர் 9ஆம் நாள் காற்று எழுந்து புகை கலைந்தபோது, மக்கள் அதனை மற்றுமொரு மூடுபனியாகவே எண்ணினர்.

உண்மையைச் சொன்னவை எண்களே. நகரின் பல இடங்களில் எளிய கருவிகள் வைக்கப்பட்டிருந்தன. ஒரு குழாய் வழியே காற்றை இழுத்து வெள்ளைத் தாளில் வடிகட்டுவர். தாளில் படிந்த கறையின் கருமையைக் கொண்டு புகையை அளப்பர். வடிகட்டிய காற்றை ஒரு கரைசலின் ஊடே செலுத்திக் கந்தக ஈராக்சைட்டை அளப்பர். நாள்தோறும் எழுதி வைத்த இக்குறிப்புகளையும் இறப்புப் பதிவேட்டையும், அரசின் எரிபொருள் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த வில்கின்ஸ் என்பார் ஒரே வரைபடத்தில் வரைந்து காட்டினார். புகைக்கோடு ஏறிய நாளில் சாவுக்கோடும் ஏறிற்று. ஏறத்தாழ 4,000 பேர் வழக்கத்திற்கு மேலாக இறந்திருந்தனர். பின்வந்த மாதங்களிலும் தொடர்ந்த இறப்புகளைச் சளிக்காய்ச்சலின் மேல் ஏற்றி அரசு ஒதுக்கியது. ஆயின் 2001ஆம் ஆண்டில் வெளிவந்த மறு ஆய்வு, மொத்த இறப்பு 12,000 அளவில் இருக்கலாம் எனக் கணக்கிட்டது.

அரசு தயங்கியது. சர் ஹியூ பீவர் தலைமையில் குழு அமைத்தது. 1954ஆம் ஆண்டில் குழு முடிவறிக்கை தந்த பின்னும் சட்டம் விரைந்து வரவில்லை. ஜெரால்டு நபாரோ என்னும் உறுப்பினர் தனிமனிதர் முன்வரைவாகவே ஒன்றைக் கொணர முற்பட்ட பின்னர்தான் அரசு தானே சட்டமியற்ற உடன்பட்டது. 1956ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. உள்ளாட்சி மன்றங்கள் புகை தடுக்கப்பட்ட வட்டாரங்களை அறிவிக்கலாயின. அடுப்பை மாற்றும் செலவில் பெரும்பங்கை அரசும் மன்றமும் ஏற்றன. புகையின் கருமையை அளக்க ரிங்கல்மேன் அட்டை என்பது சட்டத்தில் இடம்பெற்றது. வெள்ளை அட்டையில் கறுப்புக் கோடுகளைச் சட்டமாக இட்டுச் சாம்பல் நிறத்தின் படிகளைக் காட்டும் எளிய அட்டை அது. அலுவலர் அதனைத் தூரத்துப் புகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். இரண்டாம் படியின் அளவோ அதனினும் மிகுந்தோ கருமை இருந்தால் குற்றம். ஓர் அட்டையும் கூர்ந்த கண்ணும் கொண்டு ஒரு நகரத்தின் வானம் வெளுக்கத் தொடங்கிற்று.

அன்னாசிப் பழத்தை ஆராய்ந்தவர்

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நிலக்கரிப் புகை அதிகம் இல்லை. ஆயினும் 1943ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஒரு நாள் நகர மக்களின் கண்கள் எரிந்தன, தொண்டை கரகரத்தது. போர்க்காலம் ஆதலின், சப்பானியர் நச்சு வாயு வீசினரோ என ஐயுற்றோரும் உண்டு. 1947ஆம் ஆண்டில் மாவட்டக் காற்றுத் தூய்மைக்கேட்டுக் கட்டுப்பாட்டு அமைப்பு உருவாயிற்று. அது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் கந்தகப் புகையை அடக்க முயன்றது. அடக்கிய பின்னும் கண்ணெரிச்சல் தீரவில்லை.

விடை கண்டவர் ஆரி ஹாகன்-சுமித் என்னும் டச்சு நாட்டு வேதியியலார். அன்னாசிப் பழத்தின் மணத்திற்குக் காரணமான நுண்பொருள்களைப் பிரித்தறிவதில் வல்லவராக இருந்த அவர், அதே முறையால் நகரின் காற்றைக் குளிர்வித்துத் திரட்டி ஆராய்ந்தார். வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் வெளிவிடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் ஒன்றோடொன்று வினைபுரிந்து ஓசோன் என்னும் கடுமையான வாயுவை உண்டாக்குகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். இவ்வாராய்ச்சியில் மலாயா மக்களுக்கு நன்கு அறிமுகமான ஒரு பொருளும் துணை நின்றது. ஓசோன் பட்டால் ரப்பர் வெடிக்கும். வளைத்து வைத்த ரப்பர்த் துண்டில் எவ்வளவு நேரத்தில் வெடிப்பு விழுகிறது என்பதைக் கொண்டு காற்றில் உள்ள ஓசோனை மதிப்பிட்டனர்.

எண்ணெய் நிறுவனங்களின் பொருளுதவி பெற்ற ஆய்வாளர் அவரது கொள்கையை மறுத்தனர். அவர் மீண்டும் ஆய்வுக்கூடம் புகுந்து சான்று சேர்த்தார். பின்னர்க் கலிபோர்னியா மாநிலக் காற்று வள வாரியத்தின் முதல் தலைவராக அமர்ந்து, வாகனப் புகைக்கு வரம்பு விதிக்கும் பணியை முன்னின்று நடத்தினார். 1973ஆம் ஆண்டில் ஆளுநர் ரொனால்டு ரேகன் அவரைத் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கினார். அறிவு உண்டு, கருவி உண்டு, பதவியும் உண்டு. ஆயினும் பதவி பிறர் கையில் உள்ளது என்பதைக் காற்று அலுவலர்க்கு உணர்த்திய நிகழ்ச்சி அது.

சிங்கப்பூர்: வேலையும் வேண்டும், காற்றும் வேண்டும்

இந்நிலையில், புதிதாய்ப் பிறந்த ஒரு சிறு குடியரசு எடுத்த முடிவு ஊன்றி நோக்கத்தக்கது. 1968ஆம் ஆண்டில் பிரிட்டன் தன் படைத்தளங்களை விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்தது. தளங்களை நம்பி வாழ்ந்தோர் பல்லாயிரவர். அவருள் கடற்படைத் தளத்தில் பணிபுரிந்த தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையினர். வேலையின்மை அச்சுறுத்தியது. ஜூரோங் தொழிற்பேட்டைக்கு எவ்வாலை வரினும் வரவேற்கும் நெருக்கடி நிலவிய காலம் அது. அத்தகைய காலத்தில், 1970ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், தூய்மைக்கேட்டுத் தடுப்புப் பிரிவு ஒன்றைச் சிங்கப்பூர் அரசு அமைத்தது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவை அவ்வாண்டு திசம்பரில்தான் தோன்றிற்று என்பதும், சுற்றுச்சூழல் பற்றிய ஐக்கிய நாடுகளின் ஸ்டாக்ஹோம் மாநாடு 1972ஆம் ஆண்டில்தான் கூடிற்று என்பதும் ஒப்புநோக்கத் தக்கன.

பிரிவை எங்கு வைப்பது என்பதே முதற் சிக்கல். தொழில் வளர்ச்சியைக் கருதும் அமைச்சின் கீழ் வைத்தால், முதலீட்டாளர் வரும்போது காற்றைப் பற்றிப் பேசுவோரின் குரல் தாழ்ந்துவிடும். ஆகவே அது பிரதமர் அலுவலகத்தின் கீழேயே வைக்கப்பட்டது. பொறியியலாளர் லீ எக் தியெங் அதன் தலைவராக விளங்கினார். ஆலை அமைக்க விரும்புவோர் முதலில் இப்பிரிவின் கேள்விகளுக்கு விடையிறுக்க வேண்டியிருந்தது. பிரிவு மறுத்தால், மறுப்பை எளிதில் மாற்றிவிட எவராலும் இயலவில்லை. ஹாகன்-சுமித்துக்குப் பின்னாளில் இல்லாமற்போன அரண், இச்சிறு பிரிவுக்கு அமைப்பிலேயே வாய்த்திருந்தது.

1971ஆம் ஆண்டு திசம்பரில் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டில் ஆலைகள் வெளியிடும் பொருள்களுக்கு வரம்பு கட்டும் விதிகள் வந்தன. அலுவலரின் வேலை சட்டத்தோடு முடியவில்லை, சட்டத்திலிருந்து தொடங்கிற்று. எந்த ஆலை எவ்வெரிபொருளை எவ்வளவு எரிக்கிறது என்று பட்டியல் எழுதினர். அவ்வெரிபொருளில் கந்தகம் எத்தனை பங்கு எனக் கண்டனர். வடகிழக்குப் பருவக்காற்றும் தென்மேற்குப் பருவக்காற்றும் மாறி மாறி வீசும் தீவில் புகை எவ்விடங்களில் இறங்கும் எனக் கணித்தனர். புகைபோக்கி எத்தனை உயரம் இருக்க வேண்டும் என்றும், எவ்வகை வடிகட்டி பொருத்த வேண்டும் என்றும் ஆலையின் வரைபடம் தாளில் இருக்கும்போதே கூறினர். ஆலை எழுந்த பின் இடிப்பது அரிது. தாளில் கோட்டை அழிப்பது எளிது.

பெருநாடுகளில் புகை கக்கும் ஆலையை ஒரு மாநிலத்திலும் மக்கள் வாழிடத்தை வேறொரு மாநிலத்திலும் வைக்க இயலும். ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டர் பரப்பில் 20 இலட்சம் மக்கள் வாழ்ந்த அன்றைய சிங்கப்பூருக்கு அந்த வசதி இல்லை. அங்கே ஆலையும் வீடும் பள்ளியும் ஒரே கூரையின் கீழ் இருப்பன போன்றவை. ஆகவே நிலத்தைப் பகுத்தலே முதன்மைக் கருவியாயிற்று. ஆலைகளை அவற்றின் தீமையின் அளவுக்கு ஏற்ப வகைப்படுத்தி, குடியிருப்புக்கும் அவற்றுக்கும் இடையே வெற்றிடம் விடும் முறை வளர்ந்தது. இலேசான தொழிலுக்குச் சிறிது தொலைவே போதும். தீமை மிகுந்த தொழில்களுக்கோ குறைந்தது 500 மீட்டர் இடைவெளி வேண்டும் என வகுத்தனர்.

சாலைகளிலும் நகர்ப்புறத்திலும் தூசியையும் கந்தக ஈராக்சைட்டையும் அளக்கும் நிலையங்கள் அமைந்தன. திறந்த வெளியில் குப்பை எரித்தல் அடக்கப்பட்டது. பெட்ரோலில் கலக்கும் ஈயம் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1987ஆம் ஆண்டளவில் லிட்டருக்கு 0.15 கிராம் என்னும் அளவுக்கு இறக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் முற்றும் ஒழிந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்குவது. அவ்வாண்டுகளில் தொடக்கப்பள்ளியில் பயின்ற மாணவர்க்கு, தம் பாடநூலில் இல்லாத ஒரு நன்மை பள்ளிக்கு வெளியே செய்யப்பட்டது என்பது தெரிந்திராது.

1972ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் அமைச்சு தோன்றியது. தடுப்புப் பிரிவு 1983ஆம் ஆண்டில் பிரதமர் அலுவலகத்திலிருந்து அவ்வமைச்சுக்கு மாற்றப்பட்டு, 1986ஆம் ஆண்டில் தூய்மைக்கேட்டுக் கட்டுப்பாட்டுத் துறையோடு ஒன்றாயிற்று. அதற்குள் ஓர் உண்மை மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. எண்ணெய்ச் சுத்திகரிப்பும் கப்பல் பழுது பார்த்தலும் மின்னணுத் தொழிலும் சிங்கப்பூரில் பெருகியே வந்தன. கட்டுப்பாட்டால் முதலீடு வற்றிப்போகும் என்று அஞ்சியவாறு நேரவில்லை.

மலேசியா: தோட்டப் புகையும் நகரப் புகையும்

மலேசியத் தமிழர்க்குப் புகை புதியதன்று. ரப்பர்ப் பாலை உறைய வைத்து, தகடாக அழுத்தி, புகைக்கூடத்தில் விறகு எரித்து உலர்த்துதல் தோட்டங்களின் அன்றாடப் பணி. மறுநடவுக்கென வெட்டிச் சாய்த்த மரங்களுக்குத் தீ வைப்பதும் நெடுநாள் வழக்கமாயிருந்தது. அப்புகையை எவரும் அளந்ததில்லை. இருமினால் அது வேலையின் ஒரு பகுதி என்றே தொழிலாளர் எண்ணிக் கழித்தனர். அளக்கப்படாத துன்பத்திற்கு ஆவணத்தில் இடமில்லை.

1974ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் கீழ் 1978ஆம் ஆண்டில் தூய காற்று விதிகள் பிறந்தன. தொழிலும் வாகனமும் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெருகிய காலத்தில் அலுவலர் இவ்விதிகளைக் கொண்டே பணி தொடங்கினர். 1990களில் நாடெங்கும் ஐம்பதுக்கு மேற்பட்ட தானியங்கி அளவை நிலையங்கள் எழுந்தன. பலவகை மாசுகளின் அளவை ஒரே எண்ணாகச் சுருக்கிச் சொல்லும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு மக்களுக்கு அறிமுகமாயிற்று. 50 வரை நன்று. 100 வரை நடுத்தரம். 100க்கு மேல் உடல்நலத்திற்குக் கேடு. 200க்கு மேல் பெருங்கேடு. 300க்கு மேல் பேரிடர். எழுத்தறியாத முதியவரும் விளங்கிக்கொள்ளத்தக்க எளிமை அதற்கு இருந்தது. அந்த எளிமையே பின்னர் அதற்குப் பகையாயிற்று.

மறைக்கப்பட்ட எண்

1997ஆம் ஆண்டில் எல் நீனோ என்னும் கடல் வெப்ப மாற்றத்தால் மழை பொய்த்தது. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் தோட்டம் அமைக்க நிலம் துப்புரவு செய்வோர் வைத்த தீ, காய்ந்த காட்டிலும் சதுப்பு நிலத்திலும் பரவியது. அச்சதுப்பு மண், பல்லாயிரம் ஆண்டுகளாக மக்காமல் படிந்த இலையும் வேருமே ஆதலின், நெருப்பு மண்ணுக்கு உள்ளேயே மாதக்கணக்கில் கனன்றது. செப்டம்பர் 19ஆம் நாள் சரவாக்கில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. அதே திங்களில் கூச்சிங் நகரில் குறியீடு 839ஐ எட்டியது. பேரிடர் என்னும் எல்லையான 300ஐப் போல் இரு மடங்கினும் அதிகம் அது. சிங்கப்பூரில் குறியீடு 226 வரை ஏறிற்று.

தன் நாட்டின் ஒவ்வொரு புகைபோக்கியையும் எண்ணி வைத்திருந்த அலுவலருக்கு இது புதுவகைச் சோதனை. நெருப்பு வைத்தவர் வேறொரு நாட்டில். புகையை நுகர்பவர் இங்கே. நிலத்துக்கு உரிய நிறுவனங்களோ பல நாடுகளைச் சேர்ந்தவை. அவருடைய சட்டப் புத்தகம் எல்லைக் கோட்டோடு நின்றது. காற்றுக்கு எல்லைக் கோடு தெரியாது. அந்நிலையில் அவர் கையில் எஞ்சியிருந்தது ஒன்றே: இன்று காற்று எவ்வாறு உள்ளது என்று மக்களுக்கு உண்மையைச் சொல்வது.

அதுவும் சிலகாலம் தடைப்பட்டது. குறியீட்டு எண்களை வெளியிட்டால் வெளிநாட்டுச் செய்தித்தாள்கள் பெரிதுபடுத்தும், சுற்றுலாப் பயணிகள் வாரார் என்று கருதி, 1999ஆம் ஆண்டில் மலேசிய அரசு எண்களை வெளியிடுவதை நிறுத்தியது. நிலையங்கள் அளந்துகொண்டே இருந்தன. அளவுகள் கோப்புக்குள் இருந்தன. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் தாய்க்கும், திடலில் விளையாட்டு நடத்தும் ஆசிரியருக்கும், வெளியில் வேலை செய்யும் தொழிலாளிக்கும் சன்னலைத் திறந்து வானத்தின் நிறம் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. வானத்தின் நிறமோ நம்பத்தக்க சான்றன்று. தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குக்கும் சிறிய துகள்களே நுரையீரலின் ஆழம் வரை செல்பவை. அவை கண்ணுக்குத் தெரியா.

2005ஆம் ஆண்டு ஆகஸ்டில் கிள்ளான் பள்ளத்தாக்கு மீண்டும் புகையில் மூழ்கியபோது அத்தடை நிலைக்கவில்லை. மக்கள் கேட்டனர், அரசு எண்களை வெளியிட்டது. ஆகஸ்டு 11ஆம் நாள் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் குறியீடு 500ஐக் கடந்ததால் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. எண் வெளிவந்ததால் பள்ளிகள் மூடப்பட்டன. மக்கள் வீட்டுக்குள் இருந்தனர். நாட்டின் பெயருக்கு எண் செய்யக்கூடிய தீங்கைவிட, எண்ணை மறைத்தல் மக்களின் நுரையீரலுக்குச் செய்யக்கூடிய தீங்கு பெரிது என்பதை உணர ஆறாண்டுகள் ஆயின.

அதன்பின் எண் மறையவில்லை. 2013ஆம் ஆண்டு சூன் 21ஆம் நாள் சிங்கப்பூரில் குறியீடு 401ஐத் தொட்டது. இரு நாள்களில் ஜொகூரின் மூவாரில் 746 பதிவாகி, மூவாரிலும் லேடாங்கிலும் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. அன்று மக்கள் எண்ணை அறிந்திருந்ததோடு, அவ்வெண் போதுமானதா என்றும் வினவினர். இதன் பின்னரே நுண்துகளையும் குறியீட்டுக்குள் சேர்க்கும் மாற்றம் சிங்கப்பூரில் 2014ஆம் ஆண்டிலும், மலேசியாவில் 2018ஆம் ஆண்டிலும் நடைமுறைக்கு வந்தது. எல்லை கடந்த புகைக்கான ஆசியான் உடன்படிக்கை 2002ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் கையெழுத்தாகியிருந்தது. இந்தோனேசியா 2014ஆம் ஆண்டில் அதற்கு ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டில், வெளிநாட்டில் தீ வைத்துச் சிங்கப்பூரில் புகை உண்டாக்கும் நிறுவனத்தின் மீதும் நடவடிக்கை எடுக்க வழிசெய்யும் சட்டத்தைச் சிங்கப்பூர் நிறைவேற்றியது. சட்டப் புத்தகம் எல்லைக் கோட்டைத் தாண்ட முதன்முறையாக முயன்றது. தீ இன்னும் முற்றாக அணையவில்லை. 2015ஆம் ஆண்டிலும் 2019ஆம் ஆண்டிலும் புகைமூட்டம் மீண்டும் வந்தது.

எண்ணுக்குப் பின்னே

வெளிப்புறக் காற்றின் மாசு புற்றுநோய்க்குக் காரணம் என 2013ஆம் ஆண்டில் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவை வகைப்படுத்தியது. உலகச் சுகாதார நிறுவனம், நுண்துகளின் ஆண்டுச் சராசரிக்குரிய வழிகாட்டு அளவை 2021ஆம் ஆண்டில் ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5ஆகக் குறைத்தது. நேற்று நன்று எனப்பட்ட காற்று இன்று நன்றன்று. சுமித்தின் காலத்தில் பட்ட மரம் காட்டியதை, இலண்டனில் இறப்புப் பதிவேடு காட்டியது. இக்காலத்திலோ பல்லாண்டு நோய்க் கணக்கே காட்டுகிறது. தீங்கு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துக்கொண்டே வருகையில், அதனை அளந்து சொல்பவரின் பொறுப்பு பெருத்துக்கொண்டே வருகிறது.

புகைமூட்டக் காலத்தில் இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள பள்ளி ஒன்றில், காலையில் மாணவர் திடலில் ஓடலாமா, வகுப்புக்குள் இருக்கலாமா என்பதை ஆசிரியர் ஓர் எண்ணைப் பார்த்து முடிவு செய்கிறார். அவ்வெண் தானே வந்ததன்று. உப்பு அமிலத்தைக் கோபுரத்தில் பிடித்தவர், கறை படிந்த தாளை நாள் தவறாது எடுத்து எழுதியவர், ரப்பர்த் துண்டின் வெடிப்பைக் கூர்ந்து பார்த்தவர், தாளில் இருந்த ஆலையைத் தாளிலேயே நிறுத்தியவர், கோப்புக்குள் இருந்த எண்ணை வெளியே கேட்டவர் எனப் பலர் அதன் பின்னே நிற்கின்றனர். மாணவன் ஒருவன் அவ்வெண்ணைச் சுட்டி, இதை யார் அளந்தார் என்று கேட்பானாயின், ஆசிரியர் சொல்வதற்கு ஒரு வரலாறு உண்டு.